நோயில் கிடந்த தாத்தாவுக்கு எலன் எழுதியவை

வாசகர் கேள்வி, 4 ஜூன்

19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நோயில் விழுந்த அரசியல் தலைவர்களுக்கு வீட்டார் எழுதிய கடிதங்களை இன்னும் தேடித் தேடிப் பதிப்பிக்கிறார்கள். "நலம், நலமறிய ஆவல்" என்பதற்கு மேல் அவற்றில் என்ன இருந்துவிடப் போகிறது? அரசியல் கடிதத்தைப் படித்தால் அரசியல் தெரியும். மருத்துவர் குறிப்பைப் படித்தால் நோய் தெரியும். பேத்தி தாத்தாவுக்கு எழுதியதைப் படித்தால் என்ன தெரியும்?

4 ஜூன், இரவு

நிறையத் தெரியும். பொதுவாகப் பேசினால் பிடி கிடைக்காது. ஒரே ஒரு வீட்டை எடுத்துக்கொள்கிறேன்: அமெரிக்காவின் வர்ஜீனியாவில், மலைமேல் இருக்கும் மாண்டிசெல்லோ. 1825-ஆம் ஆண்டு. ஜனாதிபதி தாமஸ் ஜெஃபர்சனுக்கு 82 வயது. சிறுநீர் அடைத்துக்கொண்டு வலி. லண்டனிலிருந்து வந்திருந்த ராப்ளி டங்ளிசன் என்ற 27 வயது மருத்துவர்தான் சிகிச்சை. வலிக்கு அபினிக் கரைசல். வாழ்நாள் முழுக்கக் குதிரைமேல் இருந்த மனிதர், வீட்டுக்குள் அடைந்து கிடக்கிறார்.

அந்த மே 27 அன்று அதே வீட்டின் கூடத்தில் அவருடைய பேத்தி எலனுக்குக் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை பாஸ்டனைச் சேர்ந்த ஜோசப் கூலிட்ஜ். கல்யாணம் முடிந்து இருவரும் வடக்கே போய்விட்டார்கள். பேரப்பிள்ளைகளில் அவருடைய புத்தகப் பேச்சுக்கு ஈடுகொடுத்தவள் எலன். நோயும் பிரிவும் ஒரே பருவத்தில் வந்து சேர்ந்தன.

ஆகஸ்ட் 1 அன்று எலன் தாத்தாவுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினாள். நோயாளிக்கு எழுதிய கடிதம் என்று சொல்லிக் கொடுத்தாலொழிய உங்களுக்குத் தெரியாது. பாஸ்டன் போகும் வழியில் பார்த்த நியூ இங்கிலாந்தின் ஊர்கள், பண்ணைகள், அந்த மக்களின் செழிப்பு என்று ஒரு பயணத்தையே அதில் மடித்து அனுப்பியிருக்கிறாள்.

ஆகஸ்ட் 27 தேதியிட்ட அவருடைய பதில்தான் உங்கள் கேள்விக்கு என் பதில். நீ போன வழி, 1791 மே, ஜூன் மாதங்களில் நானும் மேடிசனும் (பின்னாளில் ஜனாதிபதியான ஜேம்ஸ் மேடிசன்) போன வழிதான் என்று தொடங்கி, ஊர் ஊராக எழுதிக்கொண்டே போகிறார். ஹட்சன் ஆற்றின் மேலே ஆல்பனி, சரடோகா, ஜார்ஜ் ஏரி, டிகாண்டரோகா, சாம்ப்ளேன் ஏரி, திரும்பி வந்து மலை தாண்டி பென்னிங்டன், கனெக்டிகட் ஆற்றை ஒட்டிக் கடல்வரை. அன்று சரடோகாவிலிருந்து நார்தாம்ப்டன்வரை பெரும்பாலும் வெறும் காடு, இன்று 34 ஆண்டு நல்லாட்சி அதை இப்படி ஆக்கியிருக்கிறது என்று மகிழ்கிறார். அதே கடிதத்தில்தான், நீ போன பிறகு வீட்டைவிட்டு நான் வெளியே வரவே இல்லை, தோட்டத்துச் சுற்றுப்பாதையை இரண்டு முறை சுற்றியதைத் தவிர, என்றும் எழுதுகிறார்.

படுத்திருந்தவர் அந்தக் கடிதத்தைப் பிடித்துக்கொண்டு நூற்றுக்கணக்கான மைல் போய்விட்டு வந்திருக்கிறார். எந்த மருத்துவர் குறிப்பில் இது கிடைக்கும்?

இன்னொன்று. எலனுடைய சாமான்கள் கப்பலோடு கடலில் போய்விட்டன. அதற்கு ஈடாக ஜெஃபர்சன், தானே செய்த எழுதுமேசையை அனுப்பி வைத்தார். அமெரிக்காவின் விடுதலைப் பிரகடனம் எழுதப்பட்ட மேசை. அதைப் பற்றி நாளை.

5 ஜூன்

முதலில் இரண்டு திருத்தங்கள். "ஜனாதிபதி" என்று எழுதிவிட்டேன். 1809 மார்ச்சிலேயே பதவிக்காலம் முடிந்து ஊருக்கு வந்துவிட்டார். 1825-இல் அவர் முன்னாள் ஜனாதிபதி, தலைக்குமேல் கடன் உள்ள விவசாயி. அப்போது தொடங்கியிருந்த வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் தந்தையும் அவர்தான்.

"தானே செய்த மேசை" என்பதும் தவறு. வரைபடம் அவருடையது. செய்தவர் பிலடெல்பியாவின் மரவேலைக்காரர் பெஞ்சமின் ராண்டால்ஃப். 1776 மே மாதம் அந்த ஊருக்கு வந்தபோது ஜெஃபர்சன் முதலில் தங்கியது அவர் வீட்டில்தான்.

மேசை என்ற சொல்லே பெரிது. நம் பழைய ஜவுளிக்கடைகளில் கணக்குப்பிள்ளை சம்மணமிட்டு உட்கார்ந்து, எதிரே சாய்ந்த மூடி போட்ட மரப்பெட்டியை வைத்து எழுதுவாரே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். அதிலும் சிறியது: சுமார் 14 அங்குல நீளம், 10 அங்குல அகலம், 3 அங்குலத்துக்குச் சற்று அதிகமான உயரம். மகாகனி மரம். மேலே மடிப்புப் பலகை, அதைத் தூக்கி நிறுத்தினால் சாய்வு. பக்கவாட்டில் தாளும் பேனாவும் மைக்கூடும் வைக்க ஓர் இழுப்பறை. மடியில் வைத்துக்கொண்டு எழுதலாம். அழகென்று சொல்ல எதுவும் இல்லை, எளிமையானது, வசதியானது, ஓரளவு பெரிய புத்தகம் அடைக்கும் இடத்தைத்தான் அடைக்கும் என்று அவரே எழுதுகிறார். 49 ஆண்டுகள் அதைப் பயன்படுத்தியிருக்கிறார்.

5 ஜூன், மாலை

பெட்டி எப்படிக் கைமாறியது என்று கேட்டிருக்கிறார்கள். 1825 நவம்பர் 14 அன்று எலனுக்கு எழுதிய கடிதத்தில் முழுக் கதையும் இருக்கிறது.

எலனின் சாமான்கள் கடல்வழியாக பாஸ்டனுக்குப் போயின. கப்பல் மூழ்கியது. தாத்தா ஆறுதல் எழுதுகிறார்: இழப்பைப் பண மதிப்பால் அளக்க முடியாது, உன் பிள்ளைப் பருவத்தின் தாள்கள், கடிதங்கள், குறிப்புகள், புத்தகங்கள் எல்லாம் போய்விட்டன, உன் வாழ்க்கையே இரண்டாக வெட்டப்பட்டு, முந்தைய பாதிக்குப் பதிவே இல்லாமல் புதிதாகத் தொடங்குவதுபோல் ஆகிவிட்டது.

இந்த வரியில் நான் நெடுநேரம் நின்றேன். எழுதியவர் யார் என்று பாருங்கள். தான் எழுதிய ஒவ்வொரு கடிதத்துக்கும் நகல் வைத்துக்கொண்டவர். 1804 முதல் அவர் மேசையில் பாலிகிராஃப் என்ற கருவி இருந்தது: இரண்டு பேனாக்கள் சட்டங்களால் இணைக்கப்பட்டிருக்கும், ஒன்றைப் பிடித்து எழுதினால் மற்றொன்று பக்கத்துத் தாளில் அதையே எழுதும். வந்ததற்கும் போனதற்கும் பதிவேடு தனியாக உண்டு. அந்தப் பதிவேட்டைப் புரட்டி, 1820-ஆம் ஆண்டில் மட்டும் தனக்கு 1,267 கடிதங்கள் வந்ததாக எண்ணிப் பார்த்து, தனக்கு முன் ஜனாதிபதியாக இருந்த ஜான் ஆடம்ஸுக்குப் புலம்பியிருக்கிறார். பதிவு தொலைவது அவருக்கு எப்பேர்ப்பட்ட துயரம் என்பது இதிலிருந்து தெரியும்.

எழுதுவதே அவருக்கு வேதனையான வேலை. வலது மணிக்கட்டு 1786-இல் பாரிஸில் பிசகி, கடைசிவரை சரியாகவில்லை. இடது கை 1822-இல் வீட்டுப் படியிலிருந்து விழுந்ததில் முறிந்தது. இரண்டு கைகளும் அப்படி இருக்கும்போது பேத்திக்கு அத்தனை நீளமாக எழுதியிருக்கிறார்.

இப்போது பெட்டிக்கு வருகிறேன். மூழ்கிய சாமான்களில் எலனுக்குக் கல்யாணப் பரிசாகச் செய்யப்பட்ட ஓர் எழுதுமேசை இருந்தது. செய்தவர் மாண்டிசெல்லோவின் தச்சர் ஜான் ஹெமிங்ஸ். கப்பல் மூழ்கிய செய்தியை ஜெஃபர்சனுக்கு முதலில் சொன்னதும் அவர்தான். மற்ற சாமான்களெல்லாம் ஹெமிங்ஸ் கண்ணுக்கு ஒன்றுமே இல்லை, அந்த மேசை போனதுதான் அவரை உடைத்துவிட்டது, தன் காவியம் தீக்கிரையாகியிருந்தால்கூட ரோமானியக் கவி வர்ஜில் இவ்வளவு துடித்திருக்க மாட்டார் என்று எழுதுகிறார் ஜெஃபர்சன். இன்னொன்று செய்ய முடியாதா என்று கேட்டதற்கு, முடியாது, கண் பார்வை குறைந்துவிட்டது, பழையதன் அமைப்பும் முழுதாக நினைவில் இல்லை என்றாராம்.

அதன் பிறகுதான் ஜெஃபர்சன் தன் பெட்டியை எடுத்தார். எலனுக்கு ஈடு செய்ய முடியாததால் அவள் கணவனுக்கு என்று சொல்லி ஜோசப்பிடம் கொடுத்தார். இது எந்தப் பெட்டி என்பதற்குத் தன் கைப்பட ஒரு சான்றும் எழுதிச் சேர்த்தார், நவம்பர் 18 தேதியிட்டு. என் வயதுவரை ஜோசப் வாழ்ந்தால், தேசத்தின் பிறந்தநாள் ஊர்வலத்தில் புனிதர்களின் எலும்பைப்போல இதைச் சுமந்து போவதைப் பார்க்கலாம் என்று எலனுக்கு எழுதினார். 1880-இல் கூலிட்ஜ் குடும்பத்தார் அதை அரசாங்கத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். இன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

7 ஜூன்

"தாத்தாவின் உடம்பைப் பற்றிப் பேத்தி கேட்கவே இல்லையா" என்று ஒருவர் வருத்தப்பட்டிருக்கிறார். கேட்டாள். எல்லோரும் கேட்டார்கள். ஆனால் அந்தக் கேள்வி கடிதத்தின் ஓரத்தில் இருந்தது, மையத்தில் இல்லை. அந்த வித்தியாசம் எனக்குப் புரிந்தது புத்தகத்திலிருந்து அல்ல.

1988-இல் என் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்தவர். நான் அப்போது சென்னையில், திருவல்லிக்கேணியில் ஓர் அறையில் இருந்தேன். வாரம் ஓர் இன்லேண்ட் கடிதம் எழுதினேன். மாத்திரை வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்களா, கால் மரத்துப்போவது குறைந்ததா, உப்பு சேர்க்காதீர்கள், கவலைப்படாதீர்கள். மடிப்புகளிலும் ஒட்டும் ஓரத்திலும்கூட இதையேதான் எழுதினேன். பதில் அம்மா சொல்ல, பக்கத்து வீட்டுப் பெண் எழுதி வரும். அப்பா ஒரு வரிகூடச் சொல்ல மாட்டார்.

ஒரு வாரம் எழுத எதுவும் தோன்றாமல் குழாயடியைப் பற்றி எழுதினேன். விடியற்காலை நான்கு மணிக்குத் தண்ணீர் வரும். குடங்கள் முந்தைய இரவே வரிசையில் நிற்கும். நீலக் குடம் வைத்திருந்த ஒரு பெண் குடத்தின் கழுத்தில் சிவப்பு நூல் கட்டி அடையாளம் வைப்பாள். இருந்தும் அவள் குடம் தினமும் இரண்டிடம் பின்னால் போய்விடும், யார் நகர்த்துகிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. இவ்வளவுதான் அந்தக் கடிதம்.

அதற்கு அப்பாவே பதில் எழுதினார், இடது கையால். எழுத்துகள் எறும்பு மைக்குள் விழுந்து நடந்ததுபோல் இருந்தன. "நீலக் குடம் இப்போது எத்தனையாவது?" ஒரே வரி. நோய் வந்த பிறகு அவர் எனக்கு எழுதிய ஒரே கடிதம் அது.

அவர் போன பிறகு, சுவரில் மாட்டியிருந்த கடிதக் கம்பியில் என்னுடைய 14 கடிதங்களும் கோத்திருந்தன. குழாயடிக் கடிதம் மட்டும் மடிப்புகளில் கிழிந்து, தாள் துணிபோல் ஆகியிருந்தது. மற்றவை வந்தபடியே விறைப்பாக இருந்தன.

8 ஜூன்

தபால் செலவு பற்றிய கேள்விக்குச் சுருக்கமாக. அன்று அமெரிக்காவில் பெரும்பாலும் கடிதத்தைப் பெறுபவர்தான் கட்டணம் கட்ட வேண்டும். தூரத்தையும் தாளின் எண்ணிக்கையையும் வைத்துக் கணக்கு. 400 மைலுக்கு மேல் என்றால் ஒரு தாளுக்கு 25 சென்ட், இரண்டு தாள் என்றால் இரு மடங்கு. மாண்டிசெல்லோவுக்கும் பாஸ்டனுக்கும் இடையே அதற்கும் அதிக தூரம். முன்னாள் ஜனாதிபதி என்பதால் ஜெஃபர்சனுக்கு வரும், அவர் அனுப்பும் கடிதங்களுக்கு மட்டும் கட்டணம் இல்லை. உறையில் அவர் கையெழுத்து இருந்தால் போதும். இன்லேண்டில் ஒட்டும் ஓரம்வரை எழுதிப் பழகியவர்களுக்கு அந்தச் சலுகையின் அருமை தெரியும்.

10 ஜூன்

4-ஆம் தேதி எழுதியதில் ஒன்றை விழுங்கிவிட்டேன். எலனின் ஆகஸ்ட் 1 கடிதத்தைப் பயணக் கடிதம் என்று மட்டும் சொன்னேன். அதில் ஒரு வாக்கியம் நெருப்பு. வடக்கின் செழிப்பைப் பார்த்த பிறகு, நம் தென் மாநிலங்களுக்கு அப்படி ஒன்று வாய்க்காது என்று அஞ்சுகிறேன், அடிமைமுறை என்ற புற்று அவற்றின் இதயத்தைத் தின்கிறது, உள்ளே இருக்கும் அந்தப் புண் உடம்பு முழுவதையும் நோயாக்குகிறது என்று எழுதுகிறாள்.

படுக்கையில் இருக்கும் தாத்தாவுக்கு, நோயின் சொற்களாலேயே. அந்தத் தாத்தா நூற்றுக்கும் மேற்பட்ட மனிதர்களை உடைமையாக வைத்திருந்தவர். எலன் வளர்ந்ததும் அவர்கள் உழைப்பில்தான். அவரும் பதிலில் ஒதுங்கவில்லை: இயற்கை நமக்குக் கொடுத்த அழகையெல்லாம் ஒரே ஒரு கொடிய கறை கெடுக்கிறது என்கிறார். கறை என்று ஒப்புக்கொண்டவர் கழுவ எதுவும் செய்யவில்லை. கடிதம் அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறது.

இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். தாத்தா பேத்தி பாசம் என்ற இனிப்பு மட்டும் உங்களுக்குப் போய்ச் சேரட்டும் என்று நினைத்துவிட்டேன் போலும். வருந்துகிறேன்.

11 ஜூன்

நேற்று எழுதிய பிறகு தூக்கம் வரவில்லை. ஜான் ஹெமிங்ஸைத் "தச்சர்" என்று ஒரு சொல்லில் கடந்துவிட்டேன். அவர் ஜெஃபர்சனின் அடிமை.

பிறந்தது 1776. ஜெஃபர்சன் ஈடாகக் கொடுத்த பெட்டிக்கும் ஹெமிங்ஸுக்கும் ஒரே வயது. விடுதலைப் பிரகடனம் எழுதப்பட்ட ஆண்டில் பிறந்து, எழுதியவருக்கு அடிமையாகவே 50 ஆண்டு வாழ்ந்தவர். நுணுக்கமான மரவேலைக்காரர். அவர் மனைவி பிரிசில்லா, எலனின் குடும்பத்துக்கு அடிமை. எலனையும் அவள் தம்பி தங்கைகளையும் தூக்கி வளர்த்தவள். அந்தக் குழந்தைகள் அவளை "மாமி" என்றார்கள், ஆங்கிலத்தில் அது அம்மாவைக் குறிக்கும் சொல். ஹெமிங்ஸை "டாடி" என்றார்கள்.

இப்போது அந்த மேசைக்கான அழுகையைத் திரும்பப் படியுங்கள். நான் முதலில் அதை ஒரு கைவினைஞனின் கர்வமாகப் படித்தேன். தன் மனைவி வளர்த்த பெண்ணுக்கு, அவளை மறுபடி பார்ப்போமா என்று தெரியாத நிலையில், கண் மங்குவதற்கு முன் செய்து முடித்த ஒன்று அது. வர்ஜில் உவமை ஜெஃபர்சனுடைய படிப்பைக் காட்டுகிறது, ஹெமிங்ஸின் துக்கத்தைக் காட்டவில்லை.

11 ஜூன், சற்று கழித்து

அவருடைய துக்கத்தை அவர் சொல்லிலேயே படிக்க வழி உண்டா என்று உடனே கேட்டிருக்கிறீர்கள். மேசையைப் பற்றி இல்லை. ஆனால் அவர் எழுதப் படிக்கத் தெரிந்தவர், அவர் கைப்பட எழுதிய கடிதங்கள் இருக்கின்றன. அதில் ஒன்று இந்த இழையின் நடுவில் இருக்க வேண்டியது.

1825 ஆகஸ்ட் 28. அதாவது ஜெஃபர்சன் எலனுக்குப் பதில் எழுதிய மறுநாள். ஹெமிங்ஸ் அப்போது பாப்லர் ஃபாரஸ்டில் இருக்கிறார். அது ஜெஃபர்சனின் இன்னொரு வீடு, மாண்டிசெல்லோவிலிருந்து தொண்ணூறு மைல் அளவு தூரம். எலனின் கடைசித் தங்கை செப்டிமியாவுக்கு 11 வயது. அவள் அவருக்குக் கடிதம் எழுதியிருக்கிறாள். அவர் பதில் எழுதுகிறார்: உன் கடிதம் 23-ஆம் தேதி வந்தது, நீயாகவே எனக்கு எழுதி உன் தாத்தா எப்படி இருக்கிறார் என்று தெரிவித்ததில் எவ்வளவு மகிழ்ச்சி, அவருக்கு நோய் முற்றவில்லை என்று கேட்டுச் சந்தோஷப்படுகிறேன்.

எலனிடமிருந்து பாஸ்டன் கடிதம் வருகிறது. ஹெமிங்ஸுக்கோ, எஜமானின் உடம்பு எப்படி இருக்கிறது என்ற செய்தி ஒரு சிறுமி நினைத்தால்தான் கிடைக்கிறது. அந்த உடம்பு விழுந்தால் அவருடைய தலைவிதியும் புரளும். கடனில் மூழ்கிய வீட்டில் எஜமான் இறந்தால் அடிமைகளுக்கு என்ன நேரும் என்பதை அவர்கள் எல்லோரும் அறிவார்கள். ஆகவே "முற்றவில்லை என்று கேட்டுச் சந்தோஷம்" என்பதில் அன்பு எவ்வளவு, அச்சம் எவ்வளவு என்று பிரிக்க எனக்குத் தைரியம் இல்லை. இரண்டும் இருக்கின்றன என்றே படிக்கிறேன்.

12 ஜூன்

"தலைப்பு குடும்பக் கடிதங்கள். வேலைக்காரர் கடிதம் இதில் எப்படி வரும்" என்று ஒரு நண்பர் கேட்கிறார். நியாயமான கேள்வி. ஆனால் பதில் தலைகீழாக இருக்கிறது.

ஜான் ஹெமிங்ஸ், அதே வீட்டில் அடிமையாக இருந்த சாலி ஹெமிங்ஸின் தம்பி, தாய்வழியில். சாலியோ, ஜெஃபர்சனின் மறைந்த மனைவி மார்த்தாவுக்குத் தந்தைவழித் தங்கை. சாலியின் பிள்ளைகளுக்குத் தந்தை ஜெஃபர்சன் என்பதை, 1998-இல் வந்த மரபணுச் சோதனைக்குப் பிறகு வரலாற்றாளர்களில் பெரும்பாலோர் ஏற்கிறார்கள். மாண்டிசெல்லோவை இன்று நடத்தும் அமைப்பும் ஏற்கிறது. அந்தப் பிள்ளைகளில் மேடிசனும் எஸ்டனும் ஜான் ஹெமிங்ஸிடம்தான் தச்சு வேலை கற்றார்கள். நம் முறைப்படி அவர் அவர்களுக்குத் தாய்மாமன். மாமனும் மருமகன்களும் ஒரே பட்டறையில்.

ஆகவே நோயில் கிடந்தவரின் பிள்ளைகளுக்குத் தாய்மாமனான ஒருவர் எழுதிய கடிதம் அது. நானும் ஒரு வாரமாக அதைக் குடும்பக் கடிதத்தில் சேர்க்கவில்லை. தாளில் எழுதாத உறவு என்பதால் என் கண்ணுக்கும் தெரியாமல் போயிற்று.

இதோடு இன்னொன்றும் ஞாபகம் வருகிறது. தன் மனைவி மார்த்தாவோடு ஜெஃபர்சன் பரிமாறிக்கொண்ட கடிதங்களில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. சாலியிடமிருந்து ஒரு வரியும் இல்லை. இத்தனை நகல் எடுத்த மனிதரின் வீட்டில் மிக நெருங்கிய இரண்டு பெண்கள் பேச்சற்றுப் போனார்கள்.

14 ஜூன்

முடிவு என்ன ஆனது என்று கேட்டவர்களுக்கு.

1826 மார்ச்சில் ஜெஃபர்சன் உயில் எழுதினார். அடிமைகளில் ஐந்து பேருக்கு விடுதலை: பர்வெல் கோல்பர்ட், ஜோ ஃபாசெட், ஜான் ஹெமிங்ஸ், மேடிசன், எஸ்டன். ஹெமிங்ஸுக்குப் பட்டறைக் கருவிகளும். சாலியின் பெயர் உயிலில் இல்லை. அதே மாதக் கடைசியில் பாஸ்டனில் எலனுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஜூன் 24 அன்று நோய் முற்றி டங்ளிசன் வரவழைக்கப்பட்டார். ஜூலை 4, பிரகடனத்தின் ஐம்பதாம் ஆண்டு நிறைவு நாள், நண்பகல் கழிந்து சற்று நேரத்தில் உயிர் பிரிந்தது. அதே நாளில் மாசசூசெட்ஸில் ஜான் ஆடம்ஸும் இறந்தார். ஊர் அதைத்தான் அதிகம் பேசியது.

எனக்கு அந்த அறையில் நடந்த ஒரு சிறிய காரியம்தான் பெரிதாகத் தெரிகிறது. கடைசி நேரத்தில் அவர் ஏதோ வேண்டும் என்று சைகை காட்டினார். சுற்றி நின்ற உறவினர்களுக்கு விளங்கவில்லை. பர்வெல் கோல்பர்டுக்கு விளங்கியது. தலையணையை உயர்த்தி வைத்தார். அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

எலன் பாஸ்டனிலிருந்து வந்து சேர்வதற்குள் அடக்கம் முடிந்திருந்தது. அந்த வீட்டின் வெற்று அறைகளில் அவரைத் தேடுவதுபோல் ஒவ்வொன்றாக நடந்ததைப் பின்னாளில் எழுதியிருக்கிறாள். அவர் காலடி ஓசை கேட்பதுபோல் இருந்ததாம்.

சவப்பெட்டியைச் செய்தவர் ஜான் ஹெமிங்ஸ். கண் மங்கி, எலனுக்கு இன்னொரு மேசை செய்ய முடியாது என்று சொன்ன அதே கைகள்.

1827 ஜனவரியில் மாண்டிசெல்லோவில் ஏலம் நடந்தது. அடிமைகள் 130 பேர். ஜோ ஃபாசெட்டுக்கு விடுதலை கிடைத்தது, அவர் மனைவியும் பிள்ளைகளும் ஏலத்தில் போனார்கள். கறை என்ற சொல்லை எழுதிய கை கழுவாமல் விட்டது இதைத்தான்.

15 ஜூன்

12-ஆம் தேதி எழுதியதிலிருந்து எனக்கு ஒரு அஞ்சலட்டை நினைவில் குத்திக்கொண்டே இருந்தது. இன்று தேடி எடுத்தேன்.

1988-இல், நான் குழாயடியைப் பற்றி எழுதிய அடுத்த வாரம், அப்பாவோடு பணிமனையில் வேலை பார்த்த கலாசி ஒருவர் என் சென்னை முகவரிக்கு எழுதியது. "அய்யா வீட்டுக்கு வந்து பார்க்கக் கூச்சமாக இருக்கிறது. உடம்பு எப்படி இருக்கிறது என்று ஒரு வரி போடவும்." நாலு வரி, பென்சில். அவருக்கு எங்கள் வீட்டுத் திண்ணைவரைதான் பழக்கம். அதற்குக் காரணம் அவர் அல்ல, நாங்கள். நான் பதில் போடவில்லை. அப்பாவிடம் சொல்லவும் இல்லை. வீட்டார் அல்லாத ஒருவர் கேட்டதாக நினைத்துக்கொண்டு புத்தகத்தில் செருகிவிட்டேன். அப்பாவோடு முப்பது வருடம் ஒரே பட்டறையில் இரும்பு தூக்கியவர் அவர். அவர் இப்போது இல்லை.

16 ஜூன்

கடிதக் கம்பி இன்னும் என்னிடம் இருக்கிறது. அந்த அஞ்சலட்டையை அதில் கோத்தேன். தேதிப்படி அது குழாயடிக் கடிதத்துக்கு அடுத்து வர வேண்டும். குழாயடிக் கடிதம் கீழிருந்து ஐந்தாவது. மேலே இருந்த ஒன்பதையும் ஒவ்வொன்றாகக் கழற்றி, அட்டையை இறக்கி, மறுபடி கோக்க வேண்டியிருந்தது. கம்பியில் துரு ஏறியிருந்ததால் தாள் கிழியாமல் பார்த்துக்கொள்ள அரைமணி நேரம் ஆயிற்று.